கறுப்பு அட்டை நோட்டு

1970களின் பிற்பகுதி. ‘நியூயார்க் போஸ்ட்’ நாளிதழில் புகைப்படக்காரராக வேலை பார்த்த மார்த்தா கூப்பர், அன்றைய வேலை முடிந்து அலுவலகம் திரும்பும் வழியில் லோயர் ஈஸ்ட் சைடு பக்கம் வண்டியைத் திருப்புவார். இடிந்த வீடுகளும் காலி மனைகளும் நிறைந்த பகுதி அது. கிடைத்த தட்டுமுட்டுச் சாமானை வைத்து விளையாட்டுப் பொருள் செய்துகொள்ளும் பிள்ளைகள் தெருவெங்கும் இருப்பார்கள். படச்சுருளில் மிச்சமிருப்பதை அந்தப் பிள்ளைகளுக்குச் செலவழிப்பது அவர் வழக்கம். அப்படிப் பழகிய ஒரு பையன் ஒருநாள் தன் நோட்டைப் பிரித்துக் காட்டினான். உள்ளே எழுத்துகளின் வரைவுகள். அது தன் பெயர் என்றான். சுவரில் எழுதுவதற்கு முன் அதைத் தாளில் போட்டுப் பார்த்துக்கொள்வானாம். சுவரிலும் ரயிலிலும் வெறும் கிறுக்கலாகக் கண்ணில் பட்டதெல்லாம் ஆளாளுக்கு ஒரு பெயர் என்பதும், அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஒத்திகை இருக்கிறது என்பதும் கூப்பருக்கு விளங்கியது அன்றுதான்.

‘ஹெச்ஈ3’ என்ற பெயரில் எழுதிவந்த அந்தப் பையன் அதோடு விடவில்லை. ராஜா ஒருவரை அறிமுகம் செய்துவைக்கிறேன் வாருங்கள் என்றான். நகரத்து ரயில்களில் யாருடைய பெயர் அதிகமாகவும் அழகாகவும் ஓடுகிறதோ அவரை ராஜா என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கு. புரூக்ளினின் ஈஸ்ட் நியூயார்க் பகுதியைச் சேர்ந்த டோண்டி வைட் என்ற இளைஞர்தான் அந்த ராஜா. கூப்பரின் பெயர் டோண்டிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. போஸ்டில் வந்த கூப்பரின் படமொன்றின் பின்னணியில் டோண்டியின் கைவண்ணம் விழுந்திருந்தது. அதைக் கத்தரித்துத் தன் கறுப்பு அட்டை நோட்டில் ஒட்டி வைத்திருந்தார்.

ஓவியச் சாமான் கடைகளில் விற்கும் சாதாரண வரைநோட்டுதான் அது. கெட்டி அட்டை, கோடு போடாத வெள்ளைத் தாள். நியூயார்க்கின் கிராஃபிட்டிக்காரர்கள் ‘பிளாக் புக்’ என்பார்கள். தங்களை அவர்கள் ‘ரைட்டர்’ என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி வெளியில் பரவிய கதைகள் பெரும்பாலும் இரவுக் கதைகள்: வேலி தாண்டியது, போலீஸ் துரத்தியது, மின்சாரம் பாயும் மூன்றாம் தண்டவாளத்தை மிதிக்காமல் தப்பியது. அவை உண்மைதான். ஆனால் துணிச்சல் உள்ள பிள்ளைகளுக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை. அவர்களில் பலரின் பெயரை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நிலைத்து நின்றவர்கள், பகலில் மேசைமுன் உட்கார்ந்து ஒரே எழுத்தைப் பல விதமாகப் போட்டுப் பார்த்தவர்கள். அதைத் தன்னைவிட மூத்த ஒருவரிடம் காட்டி, சரியில்லை என்று கேட்டுத் திரும்பி வந்து மறுபடி போட்டவர்கள். சுவரில் வரைந்தவர்களோ தோலில் வரைந்தவர்களோ, வழி கண்டவர்களின் நினைவுகளைப் படிக்கப் படிக்க இதுவே கண்ணில் படுகிறது. சரியான நேரத்தில் யாரோ காட்டிய ஒரு நோட்டு, அல்லது ஒரு புத்தகம். பிறகு வருடக்கணக்கில் தாளின்மேல் கை.

ரயில் விஷயத்தில் இதற்கு நடைமுறைக் காரணமே உண்டு. இரவில் யார்டில் ரயில்கள் பக்கம் பக்கமாக நிற்கும். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஆள் ஒருவர் நெருக்கி நிற்கத்தான் இடமிருக்கும். வரைகிற பெட்டியோ 15 மீட்டருக்குக் குறையாத நீளம். பின்னால் நகர்ந்து நின்று முழுதாகப் பார்க்க வழியே இல்லை. மேல்பகுதியை எட்ட ஒரு கால் இந்த வண்டியிலும் மறுகால் அடுத்த வண்டியிலுமாக ஏறி நிற்க வேண்டும். வெளிச்சம் மங்கல், எந்த டப்பாவில் எந்த நிறம் என்பதையே தடவித் தேட வேண்டியிருக்கும். முதலில் வெளிர் நிறத்தில் மெல்லிய புறக்கோடு, பிறகு உள்ளே நிரப்பல், மேகம், புள்ளி, பளபளப்பு, எல்லாம் முடிந்த பின்னால் அழுத்தமான கடைசிப் புறக்கோடு. ஸ்ப்ரே டப்பாவில் தடித்த கோடு வேண்டுமென்றால், வீட்டில் புழங்கும் வேறு டப்பாக்களின் மூக்கைக் கழற்றி இதில் மாட்டுவார்கள். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் தகரத்தில் எந்த எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது நோட்டில் தீர்மானமாகியிருந்தால்தான் விடிவதற்குள் வேலை முடியும்.

1980இல் டோண்டி ‘சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்’ வரிசையின் மூன்றாவது ஓவியத்தை ஒரு முழுப்பெட்டி அளவுக்கு வரைந்தபோது கூப்பரும் யார்டுக்குள் உடன் போனார். அந்தப் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் தெரிவது டோண்டியின் நிதானம். ஒளிந்து வேலை செய்கிறவரின் பதற்றம் அவர் உடம்பில் இல்லை.

பத்து வருடத்துக்கு முன்பு நிலைமை வேறு. வாஷிங்டன் ஹைட்ஸின் 183ஆம் தெருவில் குடியிருந்த கிரேக்க வம்சாவளிப் பையன் ஒருவர், கடிதங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்காக ஊரெல்லாம் சுற்றும்போது, போன இடமெல்லாம் ‘டாகி 183’ என்று மார்க்கரால் எழுதிவைத்தார். 1971 ஜூலையில் ‘நியூயார்க் டைம்ஸ்’ அவரைப் பற்றி எழுதியதும், எண் ஒட்டிய பெயர்கள் நகரம் முழுவதும் முளைத்தன. எல்லாரும் எழுத ஆரம்பித்த பிறகு வெறுமனே எழுதினால் யாருக்கும் தெரியாது. எழுத்து பெரிதாக வேண்டும், புதிதாக வேண்டும். 1972 வாக்கில் ஃபேஸ் 2 என்பவர் சோப்பு நுரை போல உப்பிய எழுத்துகளைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அம்புக்குறிகள், பின்னல்கள், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் எழுத்துகள் என்று வளர்ந்து, கடைசியில் பழகியவர்கள் மட்டுமே படிக்க முடிகிற ‘வைல்ட் ஸ்டைல்’ வரை போயிற்று.

இதைக் கற்றுக்கொடுத்த இடங்களில் ஒன்று பிராங்ஸில் 149ஆம் தெரு கிராண்ட் கான்கோர்ஸ் நிலையத்தின் பெஞ்சு. பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே கூடுவார்கள். நேற்று இரவு வரைந்தது இன்று ஓடுகிறதா என்று வரும் வண்டிகளைப் பார்ப்பார்கள். மடியில் நோட்டு இருக்கும். இளையவர் நீட்டுவார், மூத்தவர் அதில் ஒரு பக்கம் வரைந்து கையெழுத்திட்டுத் தருவார். அடுத்தவர் பாணியை அப்படியே திருடினால் கூட்டத்தில் முகம் கொடுக்க மாட்டார்கள். ஆனால் மூத்தவர் மனமுவந்து போட்டுக்கொடுத்த புறக்கோட்டை வைத்துப் பழகுவதில் தவறில்லை. குருகுலம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை என்பதைத் தவிர, அங்கே நடந்தது அதுவேதான்.

லோயர் ஈஸ்ட் சைடில் வளர்ந்த லீ கின்யோனெஸ் தன் பதினாறாம் வயதில், 1976 நவம்பரில், ஃபேபுலஸ் ஃபைவ் குழுவோடு சேர்ந்து பத்துப் பெட்டிகள் கொண்ட ஒரு ரயில் முழுவதையும் வரைந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1979இல், ரோமில் ஒரு காட்சிக்கூடம் அவர் ஓவியங்களைச் சுவரில் மாட்டியது.

சாண்ட்ரா ஃபபாராவின் கதை வேறு. 1964இல் ஈக்வடார் நாட்டின் அம்பாட்டோவில் பிறந்து, சிறுமியாக நியூயார்க் வந்து, குயீன்ஸில் வளர்ந்தவர். 1979இல், 15 வயதில், அவர் விரும்பிய பையன் போலீஸில் சிக்கினான். வீட்டார் அவனைப் போர்ட்டோ ரிக்கோவில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரிவு தாங்காமல் அந்தப் பெண் ஊர் முழுக்க அவன் பெயரை எழுதிக்கொண்டு திரிந்தார். தன் பெயரை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று தொடங்கியவர்களே நிறைந்த கூட்டத்தில், இன்னொருவர் பெயரை எழுதித் தொடங்கியவர் அவர்.

அவர் சேர்ந்த பள்ளி மன்ஹாட்டனின் ‘ஹை ஸ்கூல் ஆஃப் ஆர்ட் அண்ட் டிசைன்’. ஓவியத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகள் நகரத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்து சேரும் அரசுப் பள்ளி. வகுப்பில் கற்றுக்கொண்டதோடு, நோட்டுகள் கைமாறுகிற உணவுக்கூட மேசையிலும் கற்றார். அங்கே கூடப் படித்த ஒருவர்தான் ‘பிங்க்’ என்ற பெயரைப் பரிந்துரைத்தார். பெயரைப் பார்த்ததுமே பெண் என்று தெரிய வேண்டும் என்பது எண்ணம். பிரபுக் குடும்பங்களின் காதல் கதைகளில் மூழ்கிக் கிடந்த அவர், ‘லேடி’யைத் தானே முன்னால் சேர்த்துக்கொண்டார். பெண்ணால் யார்டுக்குள் வர முடியாது என்று பையன்கள் சொன்னார்கள். அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்து, தொளதொள உடுப்பில் பையனைப் போலக் கிளம்பிப் போனார். போய் வரைந்த பிறகும் பேச்சு ஓயவில்லை. பையன்கள் வரைந்துகொடுக்கிறார்கள், இவள் பெயர் வாங்குகிறாள் என்றார்கள். ஆகவே ஒவ்வொரு குழுவோடும் போய் எல்லார் கண்முன்னும் தானே வரைந்து காட்ட வேண்டியிருந்தது. ஆண்பிள்ளைக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்றிருந்ததை ஒரு பெண் எத்தனை முறை காட்ட வேண்டியிருந்தது! அந்த அநியாயம் அவர் கையை இன்னும் உறுதியாக்கியது என்று சொல்லி ஆறுதல் பட்டுக்கொள்வது சுலபம். அது அநியாயம்தான்.

1980இல் பிராங்ஸின் ஃபேஷன் மோடா கூடத்தில் நடந்த கிராஃபிட்டிக் கண்காட்சியில் அவர் படைப்பும் இடம்பெற்றது. 1983இல் வெளியான ‘வைல்ட் ஸ்டைல்’ திரைப்படத்தில் லீ கதாநாயகன், லேடி பிங்க் கதாநாயகி. 1984இல் பிலடெல்பியாவின் மூர் கலைக் கல்லூரியில் அவருக்குத் தனிக் கண்காட்சி. ரயிலில் வரைவதை 1985இல் நிறுத்தினார். நகர நிர்வாகம் வேலிக்கு மேல் முள்கம்பிச் சுருள், வேலிக்குள் நாய்கள் என்று இறுக்கிக்கொண்டு வந்த காலம் அது. 1989 மே 12 அன்று, கிராஃபிட்டி உள்ள கடைசி ரயிலும் ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது.

நியூயார்க் பாணியில் வரைந்து பார்த்து, வரவில்லை என்று விட்டவர் ஒருவரும் உண்டு. பாரிஸைச் சேர்ந்த சேவியே ப்ரூ. 1971இல் நியூயார்க் போனபோது அவர் கண்ணில் பட்ட சுவரெழுத்துகள் பத்தாண்டுகள் மனதை விட்டுப் போகவில்லை. பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் அவர் படித்தது செதுக்கோவியமும் கட்டடக் கலையும். 1981இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஸ்ப்ரே டப்பாவை எடுத்து அமெரிக்கர்களைப் போலவே முயன்றார். அந்த வளைவுகள் அவர்கள் கைக்குப் பிடிபடவில்லை. அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது, சிறுவயதில் இத்தாலியில் பார்த்த ஒரு சுவர். அதில் முசோலினியின் முகம் ஸ்டென்சிலில் பதிக்கப்பட்டிருந்தது. வெட்டிய அட்டையைச் சுவரில் வைத்து மை தெளித்தால் உருவம் பதியும். தகட்டில் கோடு கீறிப் பழகிய கைக்கு அட்டை வெட்டுவது அந்நியமில்லை. முதலில் எலிகளை வெட்டினார். பாரிஸின் சுவரடிகளில் கறுப்பு எலிகள் ஓடத் தொடங்கின. அவர் பெயரும் ‘பிளெக் லெ ரா’ என்றாயிற்று.

ஸ்டென்சிலில் ஒருவர் தெருவில் செலவிடுவது சில நிமிடம். வீட்டு மேசையில் கத்தியோடு உட்காருவது பல மணி நேரம். 1991இல் கரவாஜ்ஜியோவைத் தழுவிய அன்னையும் குழந்தையும் ஓவியத்தைப் பதிக்கும்போது அவர் பிடிபட்டார், வழக்கில் அபராதம் விழுந்தது. அதற்குப் பிறகு படத்தை வீட்டிலேயே தாளில் முழுதாக முடித்து, சுவரில் ஒட்டுவதற்கு மாறிவிட்டார். பிரிஸ்டலிலிருந்து வந்த தெரு ஓவியர் பேங்க்ஸியின் எலிகளைப் பார்த்தவர்கள் எல்லாரும் இந்தப் பாரிஸ் எலிகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தோல் பக்கம் வருவோம். சுவருக்கும் தோலுக்கும் உள்ள உறவு வெளியாட்கள் நினைப்பதைவிட நெருக்கமானது. ரயில்களைப் படம்பிடிப்பதற்கு எத்தனையோ ஆண்டு முன்னால், 1970இல், மார்த்தா கூப்பர் டோக்கியோவில் பச்சை குத்தும் கலைஞர் ஒருவரின் அறையில் உட்கார்ந்து, முதுகு முழுவதும் கைஊசியால் குத்தப்படும் ஓவியங்களைப் படமெடுத்திருந்தார். மறைவாக வாழும் ஒரு கலையைப் பொறுமையோடு பக்கத்தில் இருந்து பார்ப்பது எப்படி என்பது, டோண்டியின் வீட்டுக்குப் போகும்போது அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

அந்த ஜப்பானியக் கலையைத் தேடிப்போன அமெரிக்கர் எட் ஹார்டி. 1945இல் பிறந்து, தெற்குக் கலிபோர்னியாவின் கடலோர ஊரில் வளர்ந்தவர். நண்பனின் அப்பா இரண்டாம் உலகப்போரில் பணியாற்றியவர். அவர் கையில் இருந்த பச்சைகளைப் பார்த்ததும் சிறுவன் ஹார்டிக்குப் பித்துப் பிடித்தது. பத்து வயதில் வீட்டிலேயே பச்சைக் கடை வைத்தான். வண்ணப் பென்சிலும் கண் மையும்தான் கருவி. அண்டை வீட்டுப் பிள்ளைகள் வாடிக்கையாளர்கள். லாங் பீச்சின் பைக் கேளிக்கைப் பூங்காவில் நிஜமான பச்சைக் கடைகள் இருந்தன. சிறுவர்களுக்குக் குத்த மாட்டார்கள். நின்று பார்க்கலாம். ஹார்டி நின்று பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த கழுகு, கப்பல், ரோஜா மாதிரிப் படங்களை வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தான். அன்று வரைந்த தாள்கள் சில இன்றும் இருக்கின்றன. பத்து வயதுக் கையின் வரைவு என்று நம்புவது கடினம்.

பிறகு சான் பிரான்சிஸ்கோ கலைக் கல்லூரியில் அச்சோவியம் படித்தார். அந்நகரின் அருங்காட்சியகத் தொகுப்பில் டூரர், ரெம்ப்ராண்ட் ஆகியோரின் செதுக்கோவிய மூலப்பிரதிகளைக் கண்ணருகில் வைத்துப் பார்க்க மாணவர்களுக்கு வாய்ப்பிருந்தது. ஒரே நிறத்தில், கோட்டின் அடர்த்தியை மட்டும் வைத்து ஒளியையும் நிழலையும் எப்படி வரவழைப்பது என்பதை அங்கே கண்டார். அந்தச் சமயத்தில்தான் ஓக்லண்டில் ஃபில் ஸ்பாரோவின் பச்சைக் கடைக்குள் நுழைந்தார். ஸ்பாரோவின் இயற்பெயர் சேமுவேல் ஸ்டூவர்ட்; சிகாகோவில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு ஊசியைக் கையில் எடுத்தவர். கடையில் அவர் வைத்திருந்த ஜப்பானியப் பச்சைகளின் படப் புத்தகத்தை ஹார்டிக்குக் காட்டினார். கடற்படைக்காரர்களின் கையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிய படங்களையே பார்த்து வளர்ந்தவருக்கு, தோள் முதல் தொடைவரை ஒரே ஓவியமாக, அலையும் மீனும் டிராகனும் உடலின் வளைவோடு ஓடுகிற அந்தப் பக்கங்கள் வேறோர் உலகத்தைத் திறந்தன. 1967இல் பட்டம் பெற்றபோது யேல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. போகவில்லை.

அந்தக் காலத்து அமெரிக்காவில் பச்சைக் கடை என்றால் துறைமுகத்து ஓரம், குடிபோதை, சண்டை. நியூயார்க் நகரில் 1961 முதல் 1997 வரை பச்சை குத்துவதே தடை. அப்படியொரு தொழிலுக்கு யேலை விட்டுப் போவது குடும்பத்தில் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை நம் வீடுகளைக் கொண்டே ஊகித்துக்கொள்ளலாம். ஹார்டி அதில் உறுதியாக நின்றார். ஹொனலுலுவில் இருந்த சேலர் ஜெர்ரி என்ற மூத்தவரோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டார்; ஜப்பானியக் கலைஞர்களோடு படங்களைப் பரிமாறிக்கொண்டவர் ஜெர்ரி. அந்த வழியாகவே 1973இல் ஜப்பானின் கிஃபு நகரில் ஹோரிஹிடே என்ற ஆசானிடம் போய்ச் சேர்ந்து, சில மாதங்கள் உடனிருந்து வேலை செய்தார். திரும்பி வந்து 1974இல் சான் பிரான்சிஸ்கோவில் ‘ரியலிஸ்டிக் டாட்டூ’ என்ற கடையைத் திறந்தார். சுவரில் மாதிரிப் படங்கள் கிடையாது. முன்பதிவு செய்துவிட்டு வர வேண்டும். வந்தவர் தன் மனதில் இருப்பதைச் சொல்ல, அவருக்கென்றே ஓவியம் போட்டுக்கொடுப்பார். இன்று சென்னையிலும் கோவையிலும் டாட்டூ ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்து எனக்கு இப்படி வேண்டும் என்று சொல்கிறவர்கள், அறியாமலே அந்தக் கடையின் வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டி ஹார்டி 500 அடி நீளச் சுருளில் 2000 டிராகன்களை வரைந்தார். ஊசி பிடித்த கை, தாளை விடவே இல்லை.

ஃப்ரெடி நெக்ரெட்டேக்குக் கலைக் கல்லூரி கிடையாது. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த மெக்சிக்க வம்சாவளிப் பையன். குலைந்த வீடு, கும்பல், சிறார் இல்லம். அங்கே காவலறையில் பார்த்த ஓர் ஆளின் உடம்பிலிருந்த பச்சைகளே அவர் கண்ட முதல் ஓவியக் கண்காட்சி. தையல் ஊசியில் நூல் சுற்றி, மையில் தோய்த்துத் தன் மேலேயே குத்திப் பழகினார். சிறையில் பிற்பாடு கேசட் பிளேயரின் மோட்டார், பேனாக் குழல், கிட்டார் கம்பி ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய இயந்திரம். ஒற்றைக் கம்பி என்பதால் கோடு மயிரிழையாக வந்தது. கறுப்பைத் தவிர வேறு மை இல்லை என்பதால், அதையே நீரில் கரைத்துக் கரைத்துச் சாம்பல் நிறத்தின் பல படிகளைக் கொண்டுவந்தார்கள்.

சிறையில் தாள் கூடத் தட்டுப்பாடுதான். கைதிகள் கைக்குட்டையிலும் கிழித்த படுக்கைத் துணியிலும் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அன்னை மரியாள், ரோஜா, சிரிக்கும் முகமும் அழும் முகமும், விட்டுவந்த பெண். ‘பான்யோ’ எனப்படும் அந்தத் துணி ஓவியங்களின் நுண்ணிய பேனா நிழல்தான் தோலுக்கும் வந்தது. 1975இல் சார்லி கார்ட்ரைட்டும் ஜாக் ரூடியும் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் ‘குட் டைம் சார்லீஸ் டாட்டூலேண்ட்’ கடையைத் தொடங்கி, ஒற்றை ஊசி வேலையை முறையான கருவியில் செய்யத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அதே கடையில் நெக்ரெட்டே சேர்ந்தார். அந்தக் கடையை வாங்கி நடத்திய எட் ஹார்டிதான் அவருடைய திறமையை அடையாளம் கண்டவர்களில் முக்கியமானவர். ‘பிளாக் அண்ட் கிரே’ என்று இன்று உலகமெங்கும் கேட்டு வாங்கப்படும் பாணி, வண்ணம் மறுக்கப்பட்டவர்களின் கையில் பிறந்தது.

எரித்த கரியை ஊசியால் தோலில் இறக்குவது நம் ஊருக்கும் பழையது. 1909இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்கள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன், ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்திய குறவர் பெண்களைப் பற்றிப் பதிவு செய்திருக்கிறார். அகத்தி இலையும் மஞ்சளும் சேர்த்துத் துணியில் சுருட்டித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, படியும் கரியை எடுப்பார்கள். கோலமும் தேளும் அவர்கள் நினைவிலிருந்தே கைக்கு வந்தன. பிலிப்பைன்ஸின் கலிங்கா மலையில் புஸ்கலான் ஊரின் வாங்-ஓட் பாட்டியும் அப்படியே. 1917இல் பிறந்தவர், பதின்வயதில் தந்தையிடம் கற்று, எலுமிச்சை இன மரத்தின் முள்ளைக் குச்சியில் செருகித் தட்டித் தட்டிக் குத்துகிறவர். குடும்பத்துக்குள் மட்டுமே கைமாறும் கலை என்பதால் தம்பி தங்கை வழிப் பேத்திகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 2023 ஏப்ரலில் ‘வோக் பிலிப்பைன்ஸ்’ இதழின் அட்டையில் வந்தபோது அவருக்கு வயது 106. தாள் இல்லாத இடத்தில் முன்னோரின் கையும் மார்புமே மாதிரிப் புத்தகம். ஆனால் காட்டுவதற்கு ஒரு மூத்தவர் அங்கேயும் வேண்டியிருந்தது.

கூப்பரும், ரயில்களை நடைமேடையில் நின்று படம்பிடித்துவந்த சிற்பி ஹென்றி சால்ஃபன்ட்டும் முதலில் போட்டியாளர்கள். பிறகு கைகோத்துப் புத்தகம் ஒன்றைத் தயாரித்தார்கள். அமெரிக்கப் பதிப்பாளர்கள் பலரும் கையை விரித்துவிட, லண்டனின் தேம்ஸ் அண்ட் ஹட்சன் 1984இல் ‘சப்வே ஆர்ட்’ என்று வெளியிட்டது. நூலகங்களிலும் கடைகளிலும் அதிகம் திருடுபோன புத்தகம் என்ற பெயர் அதற்கு உண்டு. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிள்ளைகள் அந்தப் பக்கங்களை வைத்து டோண்டியின் எழுத்தைத் தடம் பிடித்தார்கள். பிரேசிலின் சாவ் பாவ்லோவில் இரட்டையர்களான ஓஸ் ஜெமியோஸ், ஸ்ப்ரே டப்பா விலை கட்டுப்படியாகாததால் வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டையும் ரோலரையும் கொண்டே வரைந்து வளர்ந்தவர்கள். 1993இல் அங்கே வந்த சான் பிரான்சிஸ்கோ ஓவியர் பேரி மெக்கீ அவர்களைச் சந்தித்து, படங்களையும் உத்திகளையும் பகிர்ந்துகொண்டார். அவர்களுடைய மஞ்சள் தோல் மனிதர்கள் இன்று பல நாடுகளின் கட்டடங்களில் நிற்கிறார்கள்.

நோட்டுகள் என்னவாயின? பல நனைந்தன, தொலைந்தன, போலீஸ் கைக்குப் போயின. காப்பாற்றியவர்களில் முதன்மையானவர் மார்ட்டின் வாங். கனால் தெருவின் பேர்ல் பெயின்ட் கடையில் வேலை பார்த்த ஓவியர் அவர். மையும் நோட்டும் வாங்க வரும் பிள்ளைகளோடு பழகி, அவர்களின் வரைவுகளையும் கறுப்பு அட்டை நோட்டுகளையும் வாங்கிச் சேர்த்தார். 1994இல், 300க்கும் மேற்பட்ட படைப்புகளை ‘மியூசியம் ஆஃப் தி சிட்டி ஆஃப் நியூயார்க்’ வசம் கொடையாக ஒப்படைத்தார். 1999இல் காலமானார். 2014இல் அந்தத் தொகுப்பைக் கண்காட்சியாக வைத்தபோது, ரயில் என்றைக்கோ கழுவப்பட்டுவிட்ட ஓவியங்களின் பென்சில் கோடுகளை மக்கள் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே குனிந்து பார்த்தார்கள்.

குயீன்ஸில், ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ எனப்பட்ட பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில், உரிமையாளர் அனுமதியோடே சுவர்களில் வரைந்துவந்தார்கள். ஜோனதன் கோஹன் என்ற ஓவியர் பொறுப்பாளர். புதிதாக வருகிறவர் தன் வேலையை அவரிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகுதான் சுவர் கிடைக்கும். 2013 நவம்பரில் ஓர் இரவில் கட்டட உரிமையாளர் எல்லாவற்றின் மேலும் வெள்ளையடித்தார். ஓவியர்கள் 21 பேர் 1990ஆம் ஆண்டின் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்காடினார்கள். அழிந்துபோன சுவர் தரமான கலை என்று நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். 49 ஓவியங்களுக்கும் படங்களோடு தனித்தனிக் கோப்பு தயாரித்துக்கொண்டு போனார்கள். 2018 பிப்ரவரியில் நீதிபதி ஃபிரடெரிக் பிளாக் அவற்றில் 45 ஓவியங்களை ஏற்று, ஓவியம் ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் டாலர் வீதம் 67.5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தார். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கில் வென்ற 21 பேரில் ஒருவர் சாண்ட்ரா ஃபபாரா.